வாலைக் காட்டாத திமிங்கிலங்கள்

போன ஆவணியில் நாங்கள் திமிங்கிலம் பார்க்கத் தடூசாக் போனது இயற்கை ஆர்வத்தால் என்று எழுத ஆசைதான். உண்மைக் காரணம் அஜின்கோர்ட்டில் இருக்கும் என் சகலன். அதற்கு முந்திய வருடம் போய்வந்தவர், பிறகு ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் திமிங்கில வகுப்பு எடுத்தார். என் பதின்மூன்று வயது மகள் அபி வாய் பிளந்து கேட்பாள். என்னிடம் அவள் கேட்பது வைஃபை ஏன் வேலைசெய்யவில்லை என்பது மட்டும்.

விட்டேனா? நான் வேலைசெய்யும் பிறம்ரன் வெயர்ஹவுஸில் சாப்பாட்டு நேரங்களில் ஒரு மாதம் படித்தேன். ஓ/எல் சோதனைக்கே அப்படிப் படிக்காதவன். போனில் கிடைத்த படங்களெல்லாம் வால்கள். வாலைப் பார்த்தே இனம் சொல்லப் பழகினேன்.

ஸ்காபரோ வீட்டிலிருந்து காலை ஐந்துக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர். கடைசியில் சகெனே ஆற்றைக் காரோடு ஃபெரியில் கடக்கவேண்டும். பத்து நிமிடம், இலவசம். மாலை ஆறரைக்கு மோட்டல். மறுநாள் ஒன்பதே முக்காலுக்குப் படகு. மூன்று மணித்தியாலம், எனக்கு 115 டொலர். சென் லோரன்ஸ் ஆறு கடலாக மாறும் கழிமுகம் அது, எதிர்க்கரை மங்கல்தான்.

முதலில் வெள்ளை வெளேரென்று பெலூகாக்கள். அதைக் குழந்தையும் சொல்லும். பிறகு ஒரு கரிய முதுகு எழும்பி அமிழ்ந்தது.

"அப்பா, உது என்ன?"

"பொறு, வால் வரட்டும்."

"மிங்கித் திமிங்கிலம் வால் காட்டாது எண்டு சித்தப்பா சொன்னவர். முதுகைத்தான் பாக்கோணும்."

அடுத்து, இரண்டு பஸ்ஸை ஒட்டியதுபோல ஒன்று. ஃபின் திமிங்கிலமாம். அதுவும் வால் காட்டவில்லை. அபி அதைப் படமெடுத்து, உடனே சித்தப்பாவுக்கு அனுப்பக் குனிந்தாள். நடு ஆற்றிலும் சிக்னல் இருந்தது என் கெட்டகாலம்.

அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் ஒரு வால், முழுசாக, தண்ணீர் ஒழுக எழும்பியது. கீழே வெள்ளைத் திட்டு, ஓரம் மரமரியும் வாளின் பல்லு மாதிரி.

"ஹம்ப்பாக்," என்றேன். மைக்கில் வழிகாட்டிப் பெண்ணும் அதையே சொன்னார். அபி நிமிர்ந்தபோது தண்ணீர்தான் இருந்தது. படகும் திரும்பியது.

"கண்டனீங்களோ, அப்பா?"

"ஓம்."

"ஃபுல் டெயில்?"

"முழு வால்."

"நொட் ஃபெயர்."

ஒரு வருடமாக நான் வைத்திருந்த அதே பொறாமை முகம் அவளுக்கு. திரும்பும்போது முக்கால் வழி, கிங்ஸ்ரன் வரைக்கும் அந்த வாலைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் தெரிந்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான் சொன்னேன்.

போகிறவர்களுக்கு: ஆவணியிலும் குளிர்கால ஜக்கெட் வேண்டும். வாந்திக் குளிசையைப் படகேறுவதற்கு முன்பே போடுங்கள். முதுகுகளைப் படியுங்கள். பிள்ளையின் போனை மட்டும் பறித்துவைக்க வேண்டாம்.