தோரணத்துக்குள் ஒரு காற்றுக்குழாய்

சித்ரலேகா உட்கார்ந்து கடையில் யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் சேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

திருநெல்வேலி டவுனில், ரதவீதியில், அந்த ஜவுளிக்கடையின் அண்டர்கிரவுண்டு தளம் அவள் பொறுப்பு. முகூர்த்தப் பட்டு முழுவதும் அங்கேதான். மேல்மாடியில் வருஷக்கணக்காக லுங்கியும் துண்டும் மடித்துப் போட்டவள், முதலாளி நெல்லையப்பன் அண்ணாச்சியை நச்சரித்து வாங்கிய இடம். வாங்கிய பிறகு தூக்கம் போயிற்று. கூரையை ஒட்டி ஓடிய ஏ.சி. குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. இரண்டு பட்டில் கறை.

"இன்னொரு சேலைல தண்ணி பட்டுச்சுன்னா இந்தத் தளத்தையே பூட்டிருவேன். நீ லுங்கிக்கே போயிரு" என்றார் அண்ணாச்சி.

அவள் பழைய சேலையைக் கிழித்துக் குழாயைச் சுற்றிக் கட்டினாள். துணி ஊறி இன்னும் அதிகமாகச் சொட்டியது. குழாய் வேலைக்கு வந்த அசன் மைதீன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

"குழாய்க்குச் சேலை கட்டி விட்டிருக்கிய. முந்தானை எந்தப் பக்கம்?"

"பாய், கேலி இருக்கட்டும். எங்கன ஒழுகுதுன்னு பாரும்."

"ஒழுகல, வேர்க்குது. இங்கன காத்தெல்லாம் ஈரம். குளுந்த குழாய்ல பட்டா வேர்க்கத்தான் செய்யும். ஈரம் எங்கேருந்து வருதுன்னு நெனைக்கிய?"

மூலையைக் காட்டினான். சுவரில் கசியும் தண்ணீர் தரை ஓடை வழியாக வந்து விழும் குழி அங்கே திறந்து கிடந்தது. மோட்டார் அதிலிருந்து தண்ணீரை இறைத்துத் தெருச் சாக்கடைக்குத் தள்ளும்.

குழாய்க்குக் கறுப்பு ஸ்பான்ஜ் உறை போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டினான். குழியை இரும்புத் தகட்டால் மூடி, விளிம்பு இடுக்கெல்லாம் அடைய மக்கு பூசினான். குழிக்குள் காற்று போய்வர ஒரு குழாய் வைத்து வெளியே வாசல் ஓரம் விட்டான். அதை மொட்டைமாடி வரை ஏற்ற வேண்டும் என்றான். கடை முகப்பு கெட்டுவிடும் என்று அண்ணாச்சி ஆள் உயரத்தோடு நிறுத்தச் சொன்னார். சொட்டு நின்றது. ஆனால் வாசலில் லேசாகச் சேற்று நாற்றம்.

ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கு அம்மன் வீதியுலா. அண்ணாச்சியின் கடை வாசலில் மண்டகப்படி. பல்லக்கு நின்று தீபாராதனை வாங்கிப் போகும். நாற்றம் வராமலிருக்க அன்று மத்தியானமே அண்ணாச்சி ஆள் வைத்துக் காற்றுக்குழாயின் வாயில் சாக்கைத் திணித்தார். மேலே வாழைமரம் கட்டி மாவிலைத் தோரணம் சுற்றிவிட்டார்கள். சித்ரலேகாவுக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் மழை. ஓடையில் தண்ணீர் குழிக்குள் இறங்காமல் நின்றது. ஓடை குழியில் சேரும் இடத்தில் குமிழி வந்தது, உடைந்தது. குழியில் தண்ணீர் சேராததால் மோட்டார் ஓடவே இல்லை. தண்ணீர் தரையில் பரவி, கீழ்த் தட்டின் அட்டைப்பெட்டிகளை நோக்கி வந்தது. அவள் பெட்டிகளை மேலே தூக்கினாள், தூக்கித் தீரவில்லை. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காமல் மக்கர் பண்ணுவது ஞாபகம் வந்தது. குழியிலும் காற்று வெளியேற வழியில்லை. படியேறி ஓடினாள்.

நாதஸ்வரம் இரண்டு கடை தள்ளிக் கேட்டது. அண்ணாச்சி ஈர வேட்டியும் விபூதியுமாகத் தட்டோடு நின்றார். அவள் காற்றுக்குழாய் இருந்த இடத்தில் தோரணத்தை அறுத்தாள். குழாய் வாயில் சாக்கு.

"ஏளா! என்ன செய்யுத?"

"சாக்கை எடுக்கேன்."

"அம்மன் வந்துட்டா! கையை எடு."

"கீழ தண்ணி ஏறுது அண்ணாச்சி. எடுக்கலேன்னா பட்டு பூரா போயிரும்."

"ஊரே பாக்குது, பையப் பேசு."

அவள் சாக்கை இழுத்துவிட்டாள். குழாய் ஏப்பம் விட்டது. நாற்றம் குப்பென்று வந்தபோது பல்லக்கும் வந்து நின்றது. பட்டர் முகத்தைத் திருப்பினார். அண்ணாச்சி கைநிறையச் சாம்பிராணியை அள்ளித் தணலில் போட்டார். புகையில் அம்மனே தெரியவில்லை.

கீழே மோட்டார் உறுமும் சத்தம். இறங்கி வந்து பெட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அட்டை மட்டும் நனைந்திருந்தது. பட்டு உலர்ந்தே இருந்தது.

அண்ணாச்சி வெறுங்காலோடு இறங்கி வந்தார். ஈரத் தரையில் நின்றார். ஒரு சேலையைப் பிரித்து மடிப்புக்குள் விரல் விட்டுப் பார்த்தார்.

"பாய்க்கு ஆள் அனுப்பியிருக்கேன். குழாயை மொட்டைமாடிக்கு ஏத்தச் சொல்லு."

"சரி அண்ணாச்சி."

"அது முடியுறவரை நீ லுங்கிப் பக்கம் நில்லு."

"நான் என்ன தப்பு..."

"தப்புன்னு சொன்னேனா? நான் உன்னை ஒண்ணும் கேக்கலேன்னா நாளைக்கு ரதவீதில ஒவ்வொருத்தனும் என்னைக் கேப்பான். வேலை முடிஞ்சதும் கீழ இறங்கிக்கோ. தளத்துச் சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் லுங்கிப் பிரிவில் அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. நாலு முழ வேட்டி கேட்டவருக்குத் துண்டை எடுத்துப் போட்டாள். படிக்கட்டு வரை போவாள், காதைக் கொடுப்பாள், திரும்புவாள்.

கடையைக் கூட்டிக்கொண்டிருந்த இசக்கியம்மா நிமிர்ந்தாள். "எத்தன தடவ போவ? பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்தவ மாதிரி..."

"மோட்டார் சத்தம் கேக்கலக்கா."

"மழை இல்லைல்லா. தண்ணி இல்லாம என்னத்தை இறைக்கும்?"

சித்ரலேகா சாவியை இடுப்பில் தடவிக்கொண்டு மறுபடியும் படிக்கட்டுக்குப் போனாள்.