அத்தை கேட்ட மஞ்சள்

பெயிண்ட் கடையில் கொடுத்த வண்ண அட்டையை அத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் கணவரின் அம்மா அவர். நல்ல மாம்பழ மஞ்சள் ஒன்றில் விரலை வைத்து, "இதான். வேற எதுவும் வேணாம்" என்றார்.

எங்கள் ஊர் அத்திப்பட்டில் வெளிச்சுவருக்கு மஞ்சள் அடிப்பது வீண் வேலை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படியும். கடற்காற்றில் வரும் உப்பு சுவரைத் தின்னும். மழைக்காலம் முடிவதற்குள் பாசி ஏறி மஞ்சள் கறுத்துப்போகும். உடனே அத்தை ஆரம்பித்துவிடுவார், பொங்கலுக்குள் திரும்ப அடிக்க வேண்டுமென்று. "செவுரு இன்னும் ஈரமா கீதும்மா, பங்குனி வெயில்ல காயட்டும்" என்று பெயிண்டர் கெஞ்சுவார். "அதெல்லாம் காஞ்சிடும், நீ அடி" என்பார் அத்தை. பழசைச் சுரண்டக்கூடப் பொறுமை இருக்காது. சித்திரை பிறப்பதற்குள் சுவரெல்லாம் கொப்புளம். அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். வெயில் விழும் மேற்குச் சுவரில் கை வைத்தால் மஞ்சள் மாவாக ஒட்டிக்கொண்டு வரும். தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள் என்று என் கணவருக்கு வருத்தம். அம்மாவின் ஆசை என்று சில வருஷம் பொறுத்தார்.

கடைசியில் ஒருமுறை, அத்தை ஊருக்குப் போயிருந்தபோது, "சாம்பல் விழற ஊர்ல சாம்பல் கலர் அடிச்சிட்டா பேஜாரே இல்ல" என்று அவரே ஆள் வைத்து அடித்து முடித்துவிட்டார். திரும்பிவந்த அத்தை சண்டை போடவில்லை. சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாக ரயிலேறிப் பொன்னேரி சந்தைக்குப் போய் வருவார். கீரையும் கருவாடும் வாங்குவது ஒரு சாக்கு. பழகிய கடைக்காரிகளோடு பேசாவிட்டால் அவருக்கு வாரம் முடியாது. சாம்பல் கலர் அடித்தபின் ஒரு ஞாயிறு, இரண்டு வீடு தள்ளியிருக்கும் பெண் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"அக்கா, உங்க மாமியார் எங்க ஊட்டு சோபால உக்காந்துகினு உங்களத் தண்ணி கேக்குறாங்க!"

போய்ப் பார்த்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் அவரும் சிரித்தார். ஆனால் தெருவில் இறங்கியதும் என் கையைப் பிடித்த பிடி வலித்தது.

"அந்த மஞ்ச இருந்தா தூரத்துலயே தெரியும்டி. மத்ததெல்லாம் ஒரே மங்கலா கீது."

"இத்தினி வருஷமா ஏன் அத்த சொல்லல?"

"சொன்னா என்னை வெளிய உடுவீங்களா?"

விட்டிருக்க மாட்டோம்தான்.

கண்புரை முற்றியிருந்தது. திருவள்ளூரில் ஒரு கண்ணும், சில வாரம் கழித்து மறு கண்ணும் ஆபரேஷன் செய்தார்கள். சொட்டுமருந்துக் காலமெல்லாம் முடிந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அன்று காலை, அத்தை வாசலுக்கு வெளியே போய் நின்று வீட்டை நிமிர்ந்து பார்த்தார். பழைய மஞ்சளைச் சரியாகச் சுரண்டாமல் மேலேயே அடித்ததால் அந்தச் சாம்பலும் அதற்குள் பொருக்கு விட்டிருந்தது.

"அடப்பாவிங்களா! சொறி புடிச்சா மாதிரி கீதே!"

ஒரு பொருக்கை நகத்தால் பெயர்த்தார். அது உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. இந்த லட்சணத்தில் இருக்கும் வீட்டில் குடியிருப்பார்களா, மழை போய்ச் சுவர் காயும்வரை ஒருத்தரும் பிரஷ்ஷைத் தொடக்கூடாது, எல்லாவற்றையும் அடிவரைக்கும் சுரண்ட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்தில் நின்றேன். என்னையும் நாலு வார்த்தை திட்டத்தான் திரும்பினார்.

காதோரம் இருந்த என் முடியை விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

"உனக்கு எப்போடி நரைச்சிது?" என்றார்.