கப்பலை இரண்டு தரம் குடுத்தது

தொண்ணூறுகளின் நடுவிலை கனடாவிலை, ஸ்காபரோவிலை ஒரு மாடிக் கட்டடத்திலை இருந்தம். நான், மனிசி, மகள். மகளுக்கு அப்ப ஆறு வயது.

என்னட்டை ஒரு பழைய கார் இருந்தது. வேலையிடத்துப் போத்துக்கீசக் கிழவரிட்டை வாங்கினது. எட்டு சிலிண்டர். மண்ணிறம். முன் சீற் வாங்கு மாதிரி ஒரே நீட்டு, மூண்டு பேர் இருக்கலாம். பின்னுக்கு நாலு பேர், மடியிலை பிள்ளையள். எங்கடை ஆக்கள் அதைக் கப்பல் எண்டுதான் சொல்லுறது.

கப்பல் வைச்சிருக்கிறவன் வீட்டிலை ரெலிபோன் ஓயாது.

"அண்ணை, எயார்போட்டுக்கு ஆக்கள் வருகினம். நாலு பேர், ஆறு சூட்கேஸ். உங்கடை கார் எண்டால்தான் கொள்ளும்."

வீடு மாறுறவனுக்கு மெத்தையைக் கூரையிலை கட்டவேணும். கலியாண வீட்டுக்குச் சமையல் கிடாரம் ஏத்தவேணும். செத்த வீட்டுக்கு வயது போனவையைக் கூட்டிக்கொண்டு போகவேணும். நான் ஒருத்தருக்கும் ஏலாது எண்டு சொன்னதில்லை. சொல்லத் தெரியாது. நான் இந்த நாட்டிலை வந்திறங்கின நாள் என்னைக் கூட்டிவந்த ஆள் ஆரெண்டே எனக்குத் தெரியாது. ஆரோ ஒருத்தருக்குத் தெரிஞ்ச ஆள். ஒரு குளிர் ஜக்கெற்றும் கொண்டுவந்து தந்தவர். அப்பிடி வந்த நான் எப்பிடி ஏலாது எண்டுறது?

கிழமை நாளிலை பிளாஸ்ரிக் பக்ரரி. சனியும் ஞாயிறும் காலமை ஒரு ஒபீஸ் துப்பரவாக்கிற வேலை. அது ஊருக்கு வெளியிலை, பஸ் போகாத இடம். ஞாயிறு பின்னேரம் ஊராற்றை ஓட்டம். துப்பரவு வேலைச் சம்பளம் இன்சூரன்சுக்கும் பெற்றோலுக்கும் திருத்த வேலைக்கும் சரி.

ஒரு நாள் நிலம் துடைச்சுக்கொண்டு நிக்கேக்கை யோசிச்சன். இந்த வேலைக்கு வரக் கார் வேணும். காரை வைச்சிருக்க இந்த வேலை வேணும். இரண்டையும் விட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும்.

வீட்டை வந்து மனிசிக்குச் சொன்னன்.

"விசரே உங்களுக்கு?" எண்டா.

"இல்லை."

"கார் இல்லாட்டி ஆர் எங்களைத் தேடுவினம்?"

"தேடாட்டி என்ன?"

"தேடாட்டி என்னவோ? உங்களுக்கு இஞ்சை ஆர் இருக்கினம்? எனக்கு ஆர் இருக்கினம்?"

எங்களுக்கெண்டு இரத்த உறவு எண்டால் அவவின்ரை ஒண்டுவிட்ட தம்பி ஒருத்தன்தான். மற்றபடி கூப்பிடுற ஆக்கள்தான் சொந்தம். அவை காருக்காகக் கூப்பிடுகினமோ, எங்களுக்காகவோ எண்டு எங்களுக்குத் தெரியாது. மனிசிக்கு அதைத் தெரிஞ்சுகொள்ளப் பயம்.

ஒரு மாசமாக் கதைச்சம். கடைசியிலை அவதான் ஒரு வழி சொன்னா.

"தம்பிக்குக் குடுப்பம். குடும்பத்துக்கை நிக்கும்."

ஓம் எண்டன்.

மனிசி பஞ்சாங்கம் பாத்து ஒரு வெள்ளிக்கிழமை நாள் எடுத்தா. காலமை பத்துக்கு முன்னம் நல்ல நேரம். காரைக் கழுவினன். நாலு சில்லுக்கும் கீழை தேசிக்காய் வைச்சம். கட்டடத்தின்ரை பாக்கிங்கிலை, போற வாற வெள்ளைக்காரர் பாக்கப் பாக்க, மனிசி கற்பூரம் கொளுத்திக் காட்டினா. கார்த் திறப்பை வெத்திலைத் தட்டத்திலை வைச்சுத் தம்பியிட்டை நீட்டினன். அவன் நூற்றியொரு டொலரைத் தட்டத்திலை வைச்சுத் திறப்பை எடுத்தான். மனிசிக்குக் கண் கலங்கிப்போச்சு.

"ஏறடா. எடு" எண்டன்.

அவன் ஏறேல்லை.

"அத்தான், நீங்களே எடுங்கோவன்."

"ஏன்?"

"லைசென்ஸ் இன்னும் கிடைக்கேல்லை. வாற மாதம்தான் ரெஸ்ற்."

நேரம் பாத்தம். லைசென்ஸ் பாக்கேல்லை.

"நிண்டு கதையாதேங்கோ, நேரம் முடியப்போகுது" எண்டு மனிசி கத்தினா. நான் ஏறி, வித்த காரை நானே ஓட்டித் தேசிக்காய் நாலையும் நசிச்சன். ஒரு சுத்துச் சுத்தி அதே இடத்திலை கொண்டுவந்து விட்டன். திறப்பைத் தம்பியிட்டைக் குடுத்தன். அவன் அதை மனிசியிட்டைக் குடுத்திட்டு வேலைக்குப் பஸ் எடுத்தான்.

துப்பரவு வேலையை அதுக்கு முதல் கிழமையே விட்டிட்டன். கார் மட்டும் அதே இடத்திலை நிண்டது. இன்சூரன்ஸ் என்ரை பேரிலை. ரெலிபோன் இப்ப தம்பிக்குப் போச்சுது. அவன் எனக்கு எடுத்தான்.

"அத்தான், ஒரு குடும்பம் எயார்போட்டிலை இறங்குது. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆற்றை கார்?"

"என்ரை கார்தான். ஓட்டிறது மட்டும் நீங்கள்."

அவனுக்குச் சிநேகிதர் கனபேர். முந்தி என்ரை ஆக்களுக்கு மட்டும் ஓடினன். இப்ப அவன்ரை ஆக்களுக்கும் சேத்து. றோட் ரெஸ்றிலை தம்பி முதல் முறை பெயில். கப்பலிலை பழகினவன், கப்பலிலையே ரெஸ்றுக்குப் போனான். ஓரமா நிப்பாட்டச் சொன்னால் அதுக்கு அரைத் தெரு வேணும். இரண்டாம் முறையும் பெயில். சோதிக்க வந்த வெள்ளைக்காரி இறங்கேக்கை கும்பிட்டவ எண்டு வந்து சொன்னான். எங்களிட்டைக் கும்பிடப் பழகியிருப்பாவாக்கும் எண்டு அவனுக்குச் சந்தோசம்.

ஒரு ஞாயிறு பின்னேரம் சாப்பிட இருந்தம். ரெலிபோன் அடிச்சது. தம்பி. நான் கை கழுவி எழும்பினன். மகள் தாயைக் கேட்டாள்.

"அம்மா, அப்பா மாமாவின்ரை ட்ரைவரோ?"

பிள்ளை பகிடிக்குக் கேக்கேல்லை. பள்ளிக்கூடத்திலை ஆரோ அப்பாமார் என்ன வேலை எண்டு கேட்டிருக்கினம். மனிசி என்ரை சாப்பாட்டுக் கோப்பையைப் பாத்தா. பாதிச் சோறு அப்பிடியே கிடந்தது. ரெலிபோனை அவ எடுத்தா.

"தம்பி, அத்தான் சாப்பிடுறார். வரமாட்டார். வேறை ஆளைப் பார்."

வைச்சுப்போட்டு என்னைப் பாத்துச் சொன்னா. "உதைக் கொண்டுபோய் எங்கையாவது தள்ளுங்கோ."

"நாள் பாக்கவேண்டாமோ?"

"பாத்துக் கிழிச்சது போதும்."

செவ்வாய்க்கிழமை பழைய இரும்புக்காரன் இழுக்கிற வண்டியோடை வந்தான். தம்பியும் வந்தான். அவன்ரை நூற்றியொண்டைத் திருப்பிக் குடுத்தன்.

"அத்தான், மூண்டாம் முறை பாஸ் பண்ணியிருப்பன்."

"பண்ணு. பண்ணிப்போட்டுச் சின்னக் காரா வாங்கு."

கார் முன் சில்லு இரண்டும் மேலை தூக்கினபடி போச்சுது. எனக்குக் கவலை வரேல்லை. பாக்கிங் இடத்தைத் திருப்பிக் குடுக்கக் கட்டட ஒபீசுக்குப் போனன்.

அதுக்குப் பிறகு ரெலிபோனுக்கு மறுமொழி சொல்லுறது லேசு. ஏலாது எண்டு சொன்னால் கோவிப்பினம். கார் இல்லை எண்டு சொன்னால் ஐயோ எண்டு துக்கம் விசாரிச்சினம். ஒரு அன்ரி கோயிலிலை கண்டிட்டு, "கப்பலை விட்டிட்டியளாம், இனி நீந்தியே வாறது?" எண்டு கேட்டா. "நடந்துதான் அன்ரி" எண்டன்.

ஆனால் மனிசி பயந்ததும் பொய்யில்லை. அழைப்பு பாதிக்கு மேலை குறைஞ்சு போச்சு. மூண்டு ஞாயிறு ரெலிபோன் அடிக்கேல்லை. மனிசி அதுக்குப் பக்கத்திலை இருந்து உடுப்பு மடிச்சா. ஒருக்கா எடுத்துக் காதிலை வைச்சுப் பாத்தா, வேலை செய்யுதோ எண்டு.

நாலாம் கிழமை அடிச்சது. தம்பி சொல்லி நான் எயார்போட்டிலையிருந்து கூட்டிவந்த குடும்பம். அந்த வீட்டு இளம் தாய்தான் கதைச்சவ.

"அக்கா, ஞாயிறு பின்னேரம் மூத்தவனுக்குப் பிறந்தநாள். மூண்டு பேரும் வாங்கோ."

மனிசி சொன்னா. "எங்களிட்டை இப்ப கார் இல்லைப் பிள்ளை."

"தெரியும் அக்கா. எங்களிட்டையும் இல்லைத்தானே. உங்கடை சந்தியிலை பஸ் ஏறினால் எங்கடை வாசல்லை இறக்கும். கேக் வெட்டாமல் நிப்பம், ஆறுதலா வாங்கோ."

மனிசி ரெலிபோனை வைச்சா. அலுமாரியைத் திறந்து சீலை தேடினா.

ஞாயிறு போனம். நாங்கள் போகுமட்டும் கேக் வெட்டாமல்தான் இருந்தினம். சின்ன வீடு, எல்லாரும் நிலத்திலை இருந்து சாப்பிட்டம். ஒருத்தரும் என்னட்டை ஒரு உதவியும் கேக்கேல்லை. வெளிக்கிடேக்கை மட்டும் அந்த வீட்டுக்காரன் பஸ் தரிப்பு மட்டும் எங்களோடை நடந்து வந்தான்.

பஸ்ஸிலை மகளுக்கு யன்னல் கரை. மனிசி பக்கத்திலை இருந்து, அடுத்த ஞாயிறு அவையைச் சாப்பிடக் கூப்பிடவேணும், என்ன சமைக்கிறது எண்டு சொல்லிக்கொண்டே வந்தா. கொஞ்ச நேரம் கேட்டன். ஓட்டிறது வேறை ஆள்தானே. அப்பிடியே நித்திரையாப் போனன். இறங்கிற இடத்திலை அவதான் தட்டி எழுப்பினா.