கோயிலுக்கு ஒரு டிக்கெட்

ஸ்ரீரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் 'ஸ்ரீரங்கம்' என்று ஒரு தடவைகூடச் சொல்லாதவள் குமுதவல்லி மாமி. ஊர்மேல் கோபமில்லை. ஆத்துக்காரர் பெயர் ரங்கசாமி. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது பிறந்தகத்துப் பாடம். அந்தப் பெயரில் பாதி ஊருக்குள் ஒளிந்திருந்தால் ஊரையும் விட்டுவிட வேண்டியதுதானே! நல்லவேளை, வைஷ்ணவர்கள் ஸ்ரீரங்கத்தைக் 'கோயில்' என்றே சொல்வதுண்டு. அந்தச் சலுகையில் காலம் ஓடியது.

பஸ்ஸில்தான் ஓடவில்லை. திருச்சி டவுனில் ஏறி, "கோயிலுக்கு ஒண்ணு" என்பாள்.

"எந்தக் கோயிலும்மா? இங்க தடுக்கி விழுந்தா கோயில்தான்" என்பார் கண்டக்டர் மருதை.

ஒருமுறை புதுக் கண்டக்டர் ஒருவர் சமயபுரத்துக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டார். அன்று மாமி மாரியம்மன் வேப்பிலையோடு வீடு திரும்பினாள்.

மாமிக்கு ஓர் ஆசை இருந்தது. பதினாலு வயதில், லால்குடியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த சித்தப்பாவின் டைப்ரைட்டரில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டினாள். 'டக்' என்றது. அந்தத் தை மாதமே கல்யாணம். பிறகு நாலு பிரசவம், மாமியார், மாமியாரின் மூட்டுவலி, இரண்டு பெண்களின் கல்யாணம். 'டக்' காத்திருந்தது.

1959இல் மாமிக்கு நாற்பத்தாறு. மாதாமாதம் மூன்று நாள் மூலையில் உட்காருவதும் நின்றுபோயிற்று.

"இனிமே என்ன குமுதா, வயசாயிடுத்து" என்று துக்கம் விசாரித்தாள் எதிராத்துக் கமலவல்லி.

"ஆமாண்டி. இனிமே மாசத்துல முப்பது நாளும் என்னோடது" என்ற மாமி, மறுநாளே தெப்பக்குளத்துக்கு அருகில் நிஜாமுதீன் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் போய்ச் சேர்ந்தாள். தமிழ் டைப்பில் லோயர் கிரேடு.

முப்பது வருஷம் ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிய கைக்கு டைப்ரைட்டர் எம்மாத்திரம்? பக்கத்து மெஷின்களில் இருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் முதல் பரீட்சையில் மாமி தோற்றாள். கொடுத்த பத்தி, ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரைப் பற்றியது. ஊர்ப் பெயர் வந்த இடத்திலெல்லாம் மாமி 'கோயில்' என்று அடித்து வைத்திருந்தாள்.

நிஜாமுதீன் தலையில் கை வைத்தார். "அம்மா, உங்க வேகம் எக்ஸ்பிரஸ் ரயிலுங்க. ஆனா ஒரே ஒரு ஸ்டேஷன்ல தடம் புரளுதே!"

"அவர் ஆயுசாச்சே சார்."

"வாயால சொன்னாத்தானேம்மா? விரலால அடிச்சா?"

இந்தச் சந்தேகத்தை மாமி வீட்டில் கேட்டாள். ரங்கசாமி, தபாலாபீஸில் உத்தியோகம், யோசித்தே பதில் சொல்கிற மனுஷர். "சாஸ்திரத்துல டைப்ரைட்டரைப் பத்தி ஒண்ணும் இல்லே. எதுக்கும் வம்பு வேண்டாமே. பேசாம விட்டுடேன்" என்றார். அன்று ராத்திரி அவருக்குச் சாத்தமுது சாதம்கூட இறங்கவில்லை.

மாமி விடவில்லை. மறு பரீட்சைக்குப் போனாள். பத்தியைப் பார்த்தாள். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ரங்கசாமி என்பவர் கொடுத்த மனு! 'மனுதாரர் ரங்கசாமி', 'மேற்படி ரங்கசாமி' என்று ஒன்பது இடத்தில்.

மணி அடித்தது. மற்றவர்கள் மெஷின்கள் படபடத்தன. மாமியின் கை அந்தரத்தில் நின்றது. ஒரு பக்கம் முப்பத்திரண்டு வருஷத்து ஆசை, இன்னொரு பக்கம் முப்பத்திரண்டு வருஷத்து ஆத்துக்காரர். கண்ணை மூடிக்கொண்டு, "பெருமாளே, இது வேற ரங்கசாமி" என்று வேண்டிக்கொண்டு அடித்தாள். ஒன்பதையும்.

வெளியே வந்ததும் ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறினாள்.

"எந்தக் கோயிலும்மா?" என்று ஆரம்பித்தார் மருதை.

"ஸ்ரீரங்கம்ப்பா! சீக்கிரம் விடச் சொல்லு!"

மருதையின் கையிலிருந்து விசில் நழுவியது.

வீட்டில் ரங்கசாமி ஊஞ்சலில் அசையாமல் கிடந்தார். மாமி உலுக்கிய உலுக்கில் எழுந்து உட்கார்ந்து, "காப்பி ஆயிடுத்தா?" என்றார்.

"ஏன்னா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? பத்து நிமிஷத்துல உங்களை ஒன்பது தடவை அடிச்சுட்டேன்!"

ரங்கசாமி ஒருகணம் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. அன்று தபாலாபீஸில் ஸ்டாம்பு வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்து ரங்கசாமி சொன்னார்:

"ஆத்துல ஃபர்ஸ்ட் கிளாஸ் ஓய்! ஒரு பிழை இல்லாம அடிச்சிருக்கா என்னை!"