விளக்கோடு கட்டிய அலாரம்

லியான் ஹிஞ்சி இப்ஸ்விச் ஊரில் இருபத்திரண்டு வருஷமாக எலக்ட்ரீஷியன். சில வருஷமாக வீடு வீடாகப் புகை அலாரம் மாட்டுவதுதான் பெரும்பாலும் வேலை. கட்டைக்கால் மேல் நிற்கும் பழைய மரவீடுகள். தீப்பிடித்தால் சில நிமிடத்தில் கதை முடிந்துவிடும். அதனால் அவள் யாரிடமும் நயமாகப் பேசமாட்டாள். எல்லாப் படுக்கையறையிலும் ஒன்று வேண்டும், ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும், பேட்டரி பிடுங்க முடியாத ரகம்தான் வேண்டும். மலிவாக இருக்கிறதா என்று கேட்டவர்கள் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. மெயின் போர்டில் அலாரத்துக்குத் தனிச் சுவிட்ச் தரவே மாட்டாள். விளக்கு வயரோடு சேர்த்துக் கட்டிவிடுவாள்.

"தனியா குடுத்தா அணைச்சிட்டுப் படுத்துக்குவீங்க. விளக்கோட கட்டிட்டா? இருட்டுல உக்கார எவனுக்கு மனசு வரும்?" என்பாள்.

அவள் அப்பா டெஸ்ஸுக்கு அந்த மனசு வந்தது.

டெஸ்ஸுக்கு எழுபத்தொன்பது வயது. ரயில் பட்டறையில் உழைத்து ஓய்ந்த உடம்பு. சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் தூங்கிவிடுவார். நாற்காலிக் கையில் ஏற்கெனவே இரண்டு ஓட்டை. போன குளிர்காலத்தில் அம்மா நோலீன் சமையலறையில் மாரடைப்பில் விழுந்து இறந்ததிலிருந்து தனியாக இருக்கிறார். லியான் வேலை கற்ற காலத்தில் தனிச் சுவிட்சோடு மாட்டிய பழைய அலாரங்களை அந்த வாரமே அணைத்துப்போட்டார். உள்ளே இருந்த பேட்டரி ஒன்றை ரேடியோவுக்குப் போட்டுக்கொண்டார். லியான் சண்டை போட்டுப் புது ரகம் வாங்கி, விளக்கோடு கட்டினாள். அவர் தடுக்கவில்லை. "பார்க்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம் இறைச்சி பேஸ்ட்ரி வாங்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தவள் நடைவிளக்கைப் போட்டாள். எரியவில்லை. உள்ளே டிவி பேசிக்கொண்டிருந்தது. சமையல் மேஜையில் ஒரு தட்டு நிறைய மெழுகுவத்தி அடிக்கட்டைகள். படுக்கைக்குப் பக்கத்து மரச்சுவரில் கை அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. மெயின் போர்டில் விளக்குச் சுவிட்ச் மட்டும் கீழே இறக்கி அணைக்கப்பட்டிருந்தது.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"நீ மாட்டிட்டுப் போன மறுநாள்லேருந்து. கரண்ட் இல்லாமலே உன் பேட்டரி ரொம்ப நாள் தாக்குப்பிடிச்சுது. போன வாரம் கீச்சு கீச்சுன்னு அழுதுட்டுச் செத்துப்போச்சு. ஜெயிச்சது நான்தான்."

"வெக்கமா இல்ல? மெழுகுவத்தில வீட்டைக் கொளுத்திக்கிட்டுச் சாகப்போற!"

அவர் டிவியை அணைத்தார்.

"உங்கம்மா விழுந்த அன்னிக்கு நான் பின்னாடி தக்காளிக்குத் தண்ணி விட்டுட்டிருந்தேன். உள்ள அலாரம் கத்திச்சு. உங்கம்மா மறுபடியும் டோஸ்டைக் கருக்கிட்டாளேன்னு சிரிச்சுக்கிட்டே, மிச்சம் ரெண்டு பாத்திக்கும் தண்ணி விட்டுட்டுத்தாம்மா வந்தேன்." சீலிங்கில் இருந்த அலாரத்தைக் காட்டினார். "வேற மாதிரி கத்தறது ஏதாவது இருந்தா போடு. நான் ஒண்ணும் சொல்லல."

எந்த ரகம், எந்த இடம், எந்த வயர் என்று எதை வேண்டுமானாலும் லியானால் தேர்ந்தெடுத்துத் தர முடியும். சத்தத்தை மட்டும் முடியாது. எந்தக் கடையில் வாங்கினாலும் அதே மூன்று கூவல், அரசாங்க விதி அப்படி. காது கேளாதவர்களுக்குத் தலையணையை உலுக்கும் கருவி உண்டு, ஆனால் சீலிங்கில் இருக்கும் பெட்டி அதனோடு சேர்ந்து கத்தத்தான் செய்யும்.

ஏணியை எடுத்துவந்து, ஊரில் யாருக்கும் செய்யாததைச் செய்தாள். அலாரத்தை விளக்கிலிருந்து பிரித்துத் தனிச் சுவிட்ச் கொடுத்தாள். விளக்குச் சுவிட்சை ஏற்றினாள். அலாரத்தின் சுவிட்சை அணைத்தபடியே விட்டாள். தப்பு என்று தெரிந்துதான் செய்தாள். மெழுகுவத்திகளை எல்லாம் பையில் அள்ளிக்கொண்டாள்.

"சிகரெட்டு?" என்றாள்.

"ஒரே நாள்ல ரெண்டு கேக்காத."

அதன்பிறகு காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை போன் செய்கிறாள். யார் வீட்டு ஏணியில் நின்றாலும் சரி, ஆறு மணியானால் போன் காதில் இருக்கும். எடுக்காமல் ஒன்பது தடவை, பத்து தடவை என்று மணி அடித்துக்கொண்டே இருந்தால் ஏணியிலிருந்து இறங்கிவிடுவாள். வண்டிச் சாவியைத் தேடுவாள். அதற்குள் அவர் எடுப்பார்.

"வீடு இன்னும் எரியலம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.