நாற்பத்திரண்டு பேரும் மைதானத்தில்

முத்தழகைப் பார்த்து முதல் நாளே சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுதினால் எனக்கே வெட்கம்.

1998இல் இருவரும் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தோம். அவள் உத்தரகோசமங்கைப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். எண்பத்தாறு கிலோ. காலையில் எங்களோடு நான்கு சுற்று ஓடுவாள். கடைசியாகத்தான் வருவாள், ஆனால் ஒருநாளும் பாதியில் நின்றதில்லை. எங்கள் விரிவுரையாளர் மருதுபாண்டி சார் அவள் முடிக்கும்வரை காத்திருக்கக்கூட மாட்டார், அவ்வளவு மரியாதை!

"உன்னையப் பாத்தா பிள்ளைக ஓடுமா, சிரிக்குமா? கற்பித்தல் தேர்வுல நீ தேற மாட்ட. ஊருக்குப் போயி வேற சோலியப் பாரு" என்றார்.

"தேர்வ முடிச்சுட்டே போறேன் சார்" என்றாள். தவறினால் கல்யாணம் என்று வீட்டில் மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தார்கள்.

தேவிபட்டினம் அருகே ஒரு பெண்கள் பள்ளியில் தேர்வு. ஏழாம் வகுப்பில் எனக்கு 'அ' பிரிவு, அவளுக்கு 'ஆ' பிரிவு. தேர்வாளர் காலிதா மேடம் வாசலில் அவளைப் பார்த்ததும், "ஏம்மா, சத்துணவு வேலைய அப்புறம் பாக்கலாம். பி.டி. டீச்சரக் கூப்பிடு" என்றார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

"நான்தான் மேடம்" என்றாள் முத்தழகு.

முதலில் என் வகுப்பு. சார் சொல்லிக்கொடுத்தபடி குண்டாக இருந்த எட்டுப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். வரிசை எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். மற்ற முப்பத்துநான்கு பேரும் ஒரு கை பிசகாமல் டிரில் செய்தார்கள்.

அடுத்து அவள் வகுப்பு. பழக்கதோஷத்தில் தாமாகவே மரத்தடிக்கு நகர்ந்த குண்டுப் பிள்ளைகளை, "ஏய், அங்கன என்ன சோலி? வாங்க இங்கன" என்று அதட்டினாள். தொடர் ஓட்டம், கையில் கட்டைக்குப் பதில் கழுத்துவரை தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம். எங்கள் பக்கத்தில் குடம் தூக்காத பெண்பிள்ளை ஏது? சிந்தினால் அந்த அணி அவுட். முதலில் அவளே குடத்தை இடுப்பில் வைத்து ஓடிக் காட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒரு பிள்ளை சிரிக்கவில்லை. எல்லோரும் "எனக்கு, எனக்கு" என்று முண்டினார்கள். மரத்தடிக்குப் போகப் பார்த்த ஒருத்திதான் கடைசிச் சுற்றில் குடத்தோடு முதலில் கோட்டைத் தாண்டினாள். வகுப்பே அவள்மேல் போய் விழுந்தது.

காலிதா மேடம் வருகைப் பதிவேட்டை வாங்கி மைதானத்தில் தலைகளை எண்ணினார். நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு. பிறகு மரத்தடியில் இன்னும் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன் எட்டுப் பிள்ளைகளுக்கும் என்ன சீக்கு?"

எங்களைக் கூட்டி வந்திருந்த மருதுபாண்டி சாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வில் முத்தழகுதான் முதலிடம். இன்றைக்கு அரசுப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். ஆனால் அன்று மைதானத்திலேயே எனக்கு அந்த எட்டுப் பேரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வெட்கத்தோடு மரத்தடிக்குப் போய், "எந்திரிங்க, நீங்களும் ஓடலாம்" என்றேன்.

எட்டுப் பேரும் எழுந்தார்கள். என்னைத் தாண்டி, முத்தழகை நோக்கி ஓடினார்கள்.