உட்டாச்சு என்னும் சொல்

சென்னியப்பன் குமரனடி தொழுது வாழ்ந்த நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் தெருவில் தறிக்கான நீள இழைகளைப் பாவாக நீட்டும்போது இழை அறுந்தால், இரு முனையிலும் கயிற்றைப் பற்றி நிற்போர் பிடியைத் தளர்த்தி, “உட்டாச்சு”, அதாவது விட்டாயிற்று, என்று குரல் கொடுப்பர். எல்லாக் குரலும் வந்த பின்னரே அறுந்த இழையில் ஒருவர் கை வைப்பார். குரல் கொடுத்தவரின் கையைச் சென்று பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. பார்ப்பது அவரைப் பொய்யர் என்பதற்கு ஒப்பாகும்.

எழுபதுகளின் இறுதியில், பல்லடம் சாலை நூற்பாலை ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் தலைமை இருக்கை சென்னியப்பனுக்குக் கிடைத்தது. அடுத்த மேசைக்குத் தம் நண்பர் கந்தப்பனைச் சேர்த்துவிட்டவரும் அவரே. இருவர் வேலையும் ஒரே டிஸ்க்கில் பதிவாகும். டிஸ்க் பழுதுற்றால் சிவப்பு விளக்கு எரியும். ரீசெட் பொத்தானை அழுத்தினால், எழுதும் முனை தொடக்க இடத்துக்குத் திரும்பிவிடும். அது திரும்பியதை ஓடிக்கொண்டிருக்கும் வேலை அறியாது. விட்ட இடம் என்றெண்ணித் தொடக்கத்திலேயே எழுதி, அங்குள்ளதை அழித்துவிடும். ஆகவே எல்லா வேலையையும் முதலில் நிறுத்த வேண்டும். சென்னியப்பன் தம் தெருவின் வழக்கத்தையே அங்கும் வைத்தார்.

“பாவுக்குப் போடறாப்ல மெசினுக்கும் கஞ்சி போட்டுருவ போல இருக்குது, மாப்ள” என்று கந்தப்பன் நகைப்பார். ஆயினும் தவறாமல் குரல் கொடுப்பார்.

பங்குனியில் ஒரு நண்பகல் சிவப்பு விளக்கு எரிந்தது. கந்தப்பன் பஞ்சுப் பொதிகளின் இருப்பைப் பதிந்துகொண்டிருந்தார்.

“உட்டாச்சா, கந்தப்பா?”

“உட்டாச்சு, மாப்ள.”

சென்னியப்பன் அழுத்தினார். டிஸ்க் உயிர்பெற்றது. கந்தப்பன் நிறுத்தாமலே விட்டிருந்த வேலை, டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்த மாற்றாளாக வரும் பதிலித் தொழிலாளர் வருகைப் பதிவின் மேல் பஞ்சுப் பொதிகளை எழுதிச் சென்றது.

மேலாளர் இருவரையும் அழைத்தார்.

“என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க” என்றார் கந்தப்பன், தரையைப் பார்த்தபடி. “கேட்டிருந்தா நிறுத்தியிருப்பனுங்களே.”

சென்னியப்பன் நண்பரின் பக்கம் திரும்பினார். பின்பு, “கேட்டனுங்க. உட்டாச்சுன்னு சொன்னானுங்க” என்றார்.

“நாலடி தள்ளித்தான அவன் மேசை? போய்ப் பாத்தியா?”

“பாக்கலீங்க.”

“ஏன்?”

தெருவின் வழக்கம் அந்த அறையில் செல்லுபடியாகாது. அவரைப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் இருக்கையில் கந்தப்பன் அமர்ந்தார்.

சில நாள் கழித்துக் கிடங்கு வாயிலில் கந்தப்பன் வந்து நின்றார். “நிறுத்துனா மொதல்ல இருந்து ஓட்டோணும். கொஞ்சந்தான் பாக்கி, முடிஞ்சிரும்னு நெனச்சேன், மாப்ள.”

“அதைச் சொல்லியிருந்தா காத்திருப்பனே.”

“அங்க ஒத்துக்கிட்டா என் வேலை போயிரும். எனக்கும் கொழந்தகுட்டி இருக்குதல்ல?”

“என் ஊட்டுல இருக்கறது பூனைக்குட்டியா?” என்று கேட்டுவிட்டு, சென்னியப்பன் பொதிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்து வந்த ஞாயிறு, தெருவில் அவர் வீட்டுப் பாவு நீண்டு கிடந்தது. நடுவில் ஓர் இழை அறுந்தது. மறுமுனையிலிருந்து அவர் மைத்துனர் மருதாசலம், “உட்டாச்சுங்க” என்றார்.

சென்னியப்பன் இழையைத் தொடவில்லை. எழுந்து, பாவின் நீளம் முழுவதும் நடந்து சென்று, மருதாசலத்தின் கையைப் பார்த்தார். கயிறு தளர்ந்தே கிடந்தது.

தெருவில் நின்றோர் மருதாசலத்தின் முகத்தைப் பார்த்தனர்.

“என்னத்தங்க பாக்கறீங்க?” என்றார் மருதாசலம், மெல்ல.

சென்னியப்பன் கயிற்றிலிருந்து கண்ணை எடுத்தார். திரும்பி வந்து இழையைப் பிணைத்தார். அதன் பின் அவர் வீட்டுப் பாவுக்கு மருதாசலம் கயிறு பிடிக்க வரவில்லை.